பள்ளி வேனைச் சுற்றியுள்ள பத்து அடி

ஒவ்வொரு வருடமும் பள்ளி திறப்பதற்கு முன்னால், மே மாத வாக்கில், தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் மஞ்சள் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலும் ஆயுதப்படை மைதானம், இல்லாவிட்டால் ஏதாவது கல்லூரி மைதானம். ஆர்.டி.ஓ. அலுவலகம் (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்), போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை, தீயணைப்புத் துறை என்று எல்லாத் துறை ஆட்களும் வருவார்கள். கலெக்டர் ஒரு பேருந்தில் ஏறி அவசரக் கதவைத் திறந்து பார்ப்பார். மறுநாள் பேப்பரில் படம் வரும். படிக்கட்டின் உயரம், தரைப் பலகை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, கேமரா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் நடக்கும். குறை இருக்கிற வண்டியைச் சரிசெய்து கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தச் சோதனை அவசியம் நடக்க வேண்டும், இன்னும் கறாராகவே நடக்க வேண்டும். ஆனால் மைதானத்தில் நிற்கிற அந்த வண்டிகளில் பிள்ளைகள் கிடையாது. பிள்ளை படியில் கால் வைக்கிற நொடியையும், இறங்கியபின் மறந்துபோன லஞ்ச் பையை எடுக்கத் திரும்பி ஓடிவருகிற நொடியையும் எந்த அதிகாரியும் அங்கே சோதிக்க முடியாது. நம் நினைவில் தங்கிவிட்ட பள்ளி வாகன விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், வண்டியில் இருந்த கோளாறால் நடந்தவை சில. மற்றவற்றில் வண்டி ஓடுகிற நிலையில்தான் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள்தான் அந்த நேரத்தில் அங்கே இல்லை, அல்லது கவனம் வேறெங்கோ இருந்தது.

வண்டிக் கோளாறு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது முடிச்சூர். 2012 ஜூலை 25. தாம்பரம் பக்கத்தில் பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, ஓடுகிற பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து பின்சக்கரத்தில் சிக்கி இறந்தாள். ஆத்திரமடைந்த மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் யாரும் வழக்குப் போடும்வரை காத்திருக்காமல் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. ஓடத் தகுதியானது என்று சான்று பெற்ற வண்டியில் அப்படி ஓர் ஓட்டை எப்படி இருந்தது என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது. அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தனியாகச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இன்று மே மாதத்தில் நாம் பார்க்கிற கூட்டாய்வு இந்த அளவுக்குக் கறாரானது அதற்குப் பிறகுதான்.

அதற்கும் 15 வருடம் முந்தையது டெல்லி விபத்து. 1997 நவம்பர் 18-ஆம் தேதி காலையில் ஒரு பள்ளிப் பேருந்து வஜிராபாத் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு யமுனைக்குள் பாய்ந்ததில் 28 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டே நாளில், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா ஏற்கெனவே தொடுத்திருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது; அடுத்த மாதமும் சில உத்தரவுகள் வந்தன. பள்ளிப் பேருந்து என்றால் இன்று நம் மனதில் வருகிற பல அம்சங்கள் அங்கிருந்து வந்தவைதான்: வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மூடக்கூடிய கதவு, சன்னலில் குறுக்குக் கம்பி, பள்ளியின் பெயரும் போன் நம்பரும், இருக்கைக்குக் கீழே பை வைக்க இடம். டிரைவருக்குக் கனரக வாகனம் ஓட்டி ஐந்து வருட அனுபவம் வேண்டும். அதிவேகத்துக்காகவோ குடித்துவிட்டு ஓட்டியதற்காகவோ ஒருமுறை அபராதம் கட்டியவராக இருந்தால்கூட அவரை வைக்கக் கூடாது. வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் நாம் இன்றுவரை அரைமனதாக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

2022 மார்ச் 28-ஆம் தேதி சென்னை ஆழ்வார்திருநகரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுவன் பள்ளி வளாகத்துக்குள் வேனிலிருந்து இறங்கிவிட்டான். ஏதோ ஒன்றை மறந்து வைத்துவிட்டதால் எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். அந்த நேரத்தில் வேன் பின்னால் நகர்ந்தது. சாலை விபத்துகூட இல்லை, பள்ளி கேட்டுக்கு உள்ளேயே நடந்தது. பெற்றோர் நிம்மதியாக மூச்சுவிடுகிற இடம் அது: பிள்ளை பள்ளிக்குள் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று. இதற்குப் பிறகு முன்னாலும் பின்னாலும் கேமராவும், பின்னால் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். சரிதான், கேமரா உதவும். ஆனால் பிள்ளைகள் இறங்குகிற இடத்தில் வண்டி ரிவர்ஸ் எடுக்கவே கூடாது என்ற ஏற்பாடு கேமராவைவிடப் பலமடங்கு உதவும். ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறுகிற வழி இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் தேவையே வராது. இட நெருக்கடியில் அது முடியாத பள்ளிகள் உண்டு. அங்கேயும் கடைசிப் பிள்ளை வகுப்புக்குள் போகும்வரை எஞ்சினை அணைத்து வைக்கலாம். பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே நின்று விசில் ஊதலாம். இதற்கெல்லாம் காசு ஆகாது.

ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றால், டிரைவர் சீட்டிலிருந்து எவ்வளவு தெரியும் என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. எல்.கே.ஜி. பிள்ளையின் உயரம் மூன்றேகால், மூன்றரை அடி. பேருந்தின் முன்பக்கத்தை ஒட்டி அந்தப் பிள்ளை நின்றால், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தலைமுடிகூடத் தெரியாது. கீழே விழுந்த வாட்டர் பாட்டிலை எடுக்கக் குனிந்தால் பெரிய பையனும் மறைந்துபோவான். இடப்பக்கம் படிக்கட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இடம், பக்கவாட்டுக் கண்ணாடி சரியான கோணத்தில் இருந்தால்தான் தெரியும். பின்பக்கம் கேமரா இல்லாவிட்டால் முழு இருட்டு. அதோடு, நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன்சக்கரம் தள்ளிப் போய்விட்டதே என்று நிற்கிற பிள்ளையின் காலுக்குப் பின்சக்கரம் வந்துவிடும்.

அமெரிக்கப் பள்ளிகளில் பேருந்தைச் சுற்றிப் பத்து அடியை அபாயப் பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பேருந்தின் முன்னால் கடக்க வேண்டுமானால் பெரிய காலடிகளாக ஐந்து எடுத்து வைத்துத் தள்ளிப் போய்க் கடக்க வேண்டும், டிரைவரின் முகம் தெரிய வேண்டும் என்பது பாடம். அங்கே பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு, பக்கவாட்டில் ‘நில்’ பலகையை நீட்டினால் பின்னால் வருகிற வண்டிகளும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிறவையும் நின்றுவிட வேண்டும். நம் ஊரில் பள்ளி வேன் நின்றால் பின்னால் வருகிற பைக் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். அந்தப் பழக்கம் மாறுகிறவரை, சாலையைக் கடக்க வைக்கிற பொறுப்பு ஒரு பெரியவர் கையில்தான் இருந்தாக வேண்டும்.

இதைக் கிராமச் சாலையில் பார்த்தால் நன்றாகப் புரியும். வேனின் கதவு இடப்பக்கம். வீடு வலப்பக்கம். பாட்டி எதிர்த்திண்ணையில் நின்று கையை நீட்டுகிறார். பிள்ளைக்கு வேறெதுவும் கண்ணில் படாது; வேனின் முன்னாலோ பின்னாலோ சுற்றி நேரே பாட்டியை நோக்கி ஓடும். வேனை முந்த வருகிற பைக்காரனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வேன் மறைத்துக்கொண்டு நிற்கிறது. கூட்டிப்போக வருகிற பெரியவர் கதவு இருக்கிற பக்கமே வந்து நின்றுவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும். எதிர்ப்பக்கம் நின்று பிள்ளையைக் கூப்பிடவே கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை ஒருமுறை சொன்னால் போதாது, இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆயா. பல ஊர்களில் வண்டியில் வருகிற உதவியாளரை ஆயா என்றே சொல்கிறோம். சில பள்ளிகளில் கிளீனர் என்று ஒரு பையன் வருவான். மொத்த ஏற்பாட்டிலும் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவரும் இவர்தான், பிள்ளையின் உயிருக்கு மிக அருகில் நிற்கிறவரும் இவர்தான். முதலில் தான் இறங்கி, கையைப் பிடித்து இறக்கி, பையின் வாரோ துப்பட்டாவோ கதவில் மாட்டவில்லை என்று பார்த்து, பெரியவர் கையில் ஒப்படைத்து, வண்டியின் முன்னாலும் பின்னாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் ஏறியபின் ‘ரைட்’ சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் டிரைவர் கிளட்சை விடக் கூடாது. பல இடங்களில் நடப்பது வேறு. ஆயா உள்ளே உட்கார்ந்தபடியே கதவைத் திறந்துவிடுவார், பிள்ளை தானாகக் குதிக்கும், வண்டி கிளம்பும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் வண்டி, பகலில் வகுப்பறை பெருக்குவது, சாயங்காலம் மறுபடி வண்டி என்று நாள் முழுக்க ஓடுகிறவர். இந்த வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் ஒருநாள்கூடப் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

வேன்களில் பெரும்பாலும் ஆயாவும் கிடையாது, டிரைவர் மட்டும்தான். 2009 டிசம்பர் 3-ஆம் தேதி வேதாரண்யம் பகுதியில் ஒரு பள்ளி வேன் குளத்துக்குள் கவிழ்ந்தது. ஒன்பது பிள்ளைகள் இறந்தார்கள். உடன் பயணித்த இளம் ஆசிரியை ஒருவர் பல பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டுத் தானும் மூழ்கிப்போனார். டிரைவர் செல்போனில் பேசியபடி ஓட்டினார் என்று அப்போது செய்திகள் வந்தன. டெல்டாவில் குளத்தையும் வாய்க்காலையும் ஒட்டித் தடுப்பே இல்லாமல் போகிற சாலைகள் ஏராளம். அந்த வேனில் அன்று அந்த ஆசிரியையும் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் போயிருப்பார்கள் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

ரயில்வே கேட் இன்னொரு இடம். 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை கடலூர் செம்மங்குப்பத்தில் தனியார் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது ஆள் இருக்கிற கேட். ஆனால் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைக்கப்பட்ட கேட் என்றால், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும்; கேட் திறந்திருந்தால் ரயில் சிக்னலிலேயே நின்றுவிடும். இப்படி இணைக்கப்படாத கேட்டுகளில் எல்லாமே கேட் கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் பேசிக்கொள்வதை நம்பித்தான் நடக்கிறது. கேட் கீப்பர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள், விபத்துக்குப் பிறகு கேட்டுகளில் கேமரா வைக்கவும் இணைப்பு வேலையை வேகப்படுத்தவும் ரயில்வே உத்தரவிட்டது.

இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவைச் சொல்லியாக வேண்டும். ஆள் இல்லாத ரயில்வே கேட்டில் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ உதவியாளரோ இறங்கித் தண்டவாளம்வரை நடந்து போய் இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியைக் கடக்க வைக்க வேண்டும். உதவியாளர் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத கேட்டுக்கு மட்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளி வேனைப் பொறுத்தவரை, கேட் திறந்திருந்தாலும் ஆள் இருந்தாலும் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லிப் பள்ளிகள் உத்தரவு போடலாம். அரை நிமிடம்தான் ஆகும்.

அந்த அரை நிமிடம் ஏன் கிடைப்பதில்லை? பள்ளி வண்டிகள் பலவும் இரண்டு டிரிப் ஓடுகின்றன. முதல் டிரிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த ரூட்டுக்குப் போக வேண்டும், மணி அடிப்பதற்குள் வந்து சேர வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளை இன்னும் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு நிமிடம் நின்றால், அந்த இரண்டு நிமிடத்தை டிரைவர் சாலையில்தான் பிடிக்க வேண்டும். லேட்டானால் அவருக்குத்தான் திட்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உச்ச வேகத்தைத்தான் தடுக்கும், அவசரத்தைத் தடுக்காது; திருப்பத்தில் வேகமாக வளைப்பதும் பிள்ளை உட்காருவதற்குள் கிளம்புவதும் அந்தக் கருவிக்குத் தெரியாது. டைம்டேபிளைப் போடுகிற அலுவலக அறையில்தான் வேகம் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. ஆகவே நேரத்துக்கு முன்பே பிள்ளையை ஸ்டாப்பில் கொண்டுவந்து நிறுத்துகிற பெற்றோர், தங்கள் பிள்ளையோடு வண்டியில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது செய்கிறார்கள்.

இன்னொரு வகை விபத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை. 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில் கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுமி பள்ளிப் பேருந்திலேயே தூங்கிவிட்டாள். அன்று அவளுடைய பிறந்தநாள். உள்ளே பிள்ளை இருப்பதைக் கவனிக்காமல் வண்டியைப் பூட்டி வெயிலில் நிறுத்திவிட்டார்கள். திரும்ப வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மழலையர் பள்ளியை அரசு மூடியது. வளைகுடாவுக்கு மட்டும் உரிய ஆபத்து இல்லை இது. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் கொஞ்ச நேரத்திலேயே சூடு தாங்க முடியாததாகிவிடும். காலையில் ஐந்தரைக்கு எழுப்பிக் கிளப்புகிற பிள்ளை வண்டியில் தூங்கத்தான் செய்யும். கடைசிப் பிள்ளை இறங்கியபின் டிரைவரோ ஆயாவோ கடைசி சீட் வரை நடந்து, குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். சில நாடுகளில் இதற்காகவே வண்டியின் பின்கோடியில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்து போய் அதை அழுத்தாவிட்டால் அலாரம் அடிக்கும். நம் பள்ளிகள் பட்டன் இல்லாமலேயே இன்னொன்று செய்யலாம்: வண்டியில் ஏறிய பிள்ளை வகுப்பில் இல்லையென்றால், முதல் பீரியட் முடிவதற்குள் வீட்டுக்குப் போன் போக வேண்டும்.

ரூட்டின் கடைசி ஸ்டாப் பிள்ளையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எல்லோரும் இறங்கியபின் டிரைவரும் ஒரு சிறுமியும் மட்டும் வண்டியில் இருக்கிற நிலைமை எந்தப் பள்ளியிலும் வரக் கூடாது. ஆயா கடைசி ஸ்டாப் வரை வந்தாக வேண்டும், அவர் வீடு வழியில் இருக்கிறதென்று பாதியில் இறங்கிவிடக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

பள்ளிப் பேருந்துக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளும், பேருந்தே வராத தெருக்களும் ஆட்டோவையும் தனியார் வேனையும் நம்பியிருக்கின்றன. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளாக இருந்தால் இருக்கை எண்ணிக்கையில் ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம் என்பது உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு. மூன்று பேர் ஆட்டோவில் நாலு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். நடப்பில் பத்துப் பேர். டிரைவரின் இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், கம்பியில் பைகள் தொங்கும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான, வெள்ளை நம்பர் பிளேட் போட்ட காரையும் வேனையும் மாத வாடகைக்கு ஓட்டுவதும் சகஜமாகிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒன்றே போதும். தெரிந்த அண்ணன்தான், பத்து வருடமாக ஓட்டுகிறார் என்பது பெற்றோர் சொல்கிற சமாதானம். அந்த அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். பத்துப் பிள்ளைகளோடு ஆட்டோ சாயும்போது அவர் நல்ல மனசு பிரேக் பிடிக்காது. நாலைந்து வீடுகள் சேர்ந்து பேசி, கூடுதல் பணம் கொடுத்து, பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவரும் பெட்ரோல் கணக்குப் பார்த்துத்தான் ஆள் சேர்க்கிறார்.

பெற்றோருக்கு இருக்கிற ஓர் உரிமை பலருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றத்தின் அதே 1997 உத்தரவுகளில், பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெற்றோரோ ஆசிரியரோ பள்ளிப் பேருந்தில் பயணம் செய்யலாம் என்றும் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு ஒருநாள் முழு ரூட்டும் ஏறிப் போய்வாருங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆயா கீழே இறங்குகிறாரா, பிள்ளைகள் எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கிறதா, டிரைவரின் போன் எங்கே இருக்கிறது, பின்னால் இருக்கிற அவசரக் கதவுக்கு முன்னால் பைகள் குவிந்திருக்கின்றனவா, அந்தக் கதவின் கைப்பிடி துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறதா, அதை எட்டாவது வகுப்புப் பையனால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பள்ளிக்குள் வண்டி எங்கே திரும்புகிறது என்பதையும் நின்று கவனியுங்கள்.

கண்ணில் பட்ட குறையை முதலில் பள்ளியிடம் எழுத்தில் கொடுங்கள், வண்டி எண்ணையும் ரூட்டையும் தேதியையும் குறிப்பிட்டு. வாயால் சொன்னது மறந்துபோகும். தனி ஆளாகக் கொடுப்பதைவிட அந்த ரூட்டில் வருகிற வீடுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு வருமோ என்ற பயம் யாருக்கும் இருக்காது. சரிசெய்யவில்லையென்றால் அதன் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டார்கள் என்றால் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே கூப்பிடுங்கள்.